வடிகட்டி எங்கே நிற்க வேண்டும்?

பக்கத்து ரௌட்டர் சொல்லும் வழிகளில் எவற்றை நம்பலாம், நம்பியவற்றில் எவற்றை அடுத்தவருக்குச் சொல்லலாம்? கேள்வி இவ்வளவுதான். ஆனால் சிஸ்கோ கருவிகளில் மட்டும் இதற்கு அக்சஸ் லிஸ்ட், பிரிஃபிக்ஸ் லிஸ்ட், டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட், ஃபில்டர் லிஸ்ட், ஏ.எஸ். பாத் லிஸ்ட், கம்யூனிட்டி லிஸ்ட், ரூட் மேப் என்று ஏழு பெயர்கள் புழங்குகின்றன. சி.சி.என்.பி. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார். ஒரே வேலைக்கு ஏன் ஏழு கருவிகள், எதை எப்போது எடுப்பது என்று கேட்கிறார். பயிற்சி நூல்களில் இதற்குக் கிடைக்கும் விடை வழக்கமாக ஓர் அட்டவணை.

அந்த அட்டவணையில் தவறில்லை. அது விட்டுவிடும் செய்தி வேறு. ஏழு கருவிகளும் ஒரே காலத்தில் ஒரே சிக்கலுக்காகப் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் முந்தையது எங்கோ கைவிட்டதால் வந்தது. வழியைப் பிரிஃபிக்ஸைக் கொண்டு சோதிப்பதா, அது வந்த திசையைக் கொண்டு சோதிப்பதா என்ற பிரிவினை இந்த வரலாறு முழுவதும் ஓடுகிறது. மாணவரின் பயிற்சிக் கூடத்திலும் இணையத்தின் பெரும் தடங்கல்களிலும் அதே பிரிவினையைக் காணலாம்.

பாக்கெட்டின் கருவி வழிக்கு வந்தது

அக்சஸ் லிஸ்ட் அடிப்படையில் பாக்கெட்டுகளைத் தடுக்கும் கருவி. இன்றைய சி.சி.என்.ஏ. பாடத்திட்டமும் அதை அந்த வேலைக்குத்தான் அறிமுகப்படுத்துகிறது. ரூட் மேப்பையும் மறுபகிர்வையும் மாணவர் அடுத்த நிலையில்தான் சந்திக்கிறார். அங்கே பழகிய அக்சஸ் லிஸ்ட் வேறு வேடத்தில் வருகிறது. பாக்கெட்டைத் தடுத்த அதே பட்டியலை டிஸ்ட்ரிபியூட் லிஸ்டில் பொருத்தினால் வழித்தகவலைத் தடுக்கிறது.

தொடக்கத்தில் இது போதுமானதாக இருந்தது. 1988-இல் ஆர்.எஃப்.சி 1058 வரையறுத்த ரிப் முதல் பதிப்பின் அப்டேட்டில் சப்நெட் மாஸ்க்குக்கு இடமே இல்லை. நெட்வொர்க் எண் மட்டும் வரும், எனவே எண்ணைச் சோதித்தால் வழியைச் சோதித்ததாகிவிடும். 1993 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி 1519 வழியாக வகுப்பில்லா முகவரி முறையான சிடர் வந்ததும் அந்த நிலை முடிந்தது. 10.0.0.0/8, 10.0.0.0/16 இரண்டுக்கும் எண் ஒன்றே, வழிகள் வேறு. எண்ணை மட்டும் பார்க்கும் சாதாரண அக்சஸ் லிஸ்டால் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

எக்ஸ்டெண்டட் அக்சஸ் லிஸ்டை வளைத்து இந்த ஓட்டையை அடைத்தார்கள். பி.ஜி.பி.யில் அதன் ‘சோர்ஸ்’ பகுதி நெட்வொர்க் எண்ணையும், ‘டெஸ்டினேஷன்’ பகுதி மாஸ்க்கையும் குறிக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். ரிப், ஈ.ஐ.ஜி.ஆர்.பி. போன்றவற்றின் டிஸ்ட்ரிபியூட் லிஸ்டிலோ அதே சோர்ஸ் பகுதி வழியைச் சொன்ன ரௌட்டரையும், டெஸ்டினேஷன் பகுதி நெட்வொர்க்கையும் குறிக்கிறது. இப்படி ஒரே எழுத்து வரி மூன்று இடங்களில் மூன்று பொருள் தருகிறது. இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று மாணவர் சொன்னால் குறை அவரிடம் இல்லை.

பிரிஃபிக்ஸ் லிஸ்ட் இந்தக் குழப்பத்துக்கு வந்த நேரான தீர்வு. அது வழிகளுக்கென்றே உருவானது, பாக்கெட்டுகளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. முதலில் எத்தனை பிட் ஒத்துப்போக வேண்டும், பிறகு மாஸ்க்கின் நீளம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் தனித்தனியே கேட்கிறது. ‘172.16.0.0/16 ஜி.இ 24 எல்.இ 28’ என்றால் முதல் 16 பிட் பொருந்த வேண்டும், நீளம் 24-க்கும் 28-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஜி.இ, எல்.இ இரண்டும் இல்லையென்றால் நீளமும் அச்சாகப் பொருந்தியாக வேண்டும். தேர்வில் பலரைக் கவிழ்ப்பது இந்தக் கடைசி விதி. ‘0.0.0.0/0’ என்று மட்டும் எழுதினால் டீஃபால்ட் வழி மட்டுமே பொருந்தும். எல்லா வழிகளும் வேண்டுமென்றால் ‘எல்.இ 32’ சேர்க்க வேண்டும்.

இன்று புதிதாக எழுதப்படும் உள்ளமைவுகளில் வழிகளைத் தேர்ந்தெடுக்க அக்சஸ் லிஸ்டைப் பயன்படுத்த வலுவான காரணம் ஏதும் இல்லை என்றே தோன்றுகிறது. ஆனால் பழைய உள்ளமைவுகளைப் படித்துப் பிழை கண்டறிவதும் பொறியாளரின் வேலைதான் என்ற எதிர்வாதத்தையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது.

பொறுக்குவதும் தீர்ப்பளிப்பதும்

ஏழு பெயர்களையும் ஒரே வரிசையில் அடுக்குவதுதான் குழப்பத்தின் பாதி. அக்சஸ் லிஸ்ட், பிரிஃபிக்ஸ் லிஸ்ட், ஏ.எஸ். பாத் லிஸ்ட், கம்யூனிட்டி லிஸ்ட் ஆகிய நான்கும் வழிகளைப் பொறுக்கித் தருபவை. டிஸ்ட்ரிபியூட் லிஸ்டும் ஃபில்டர் லிஸ்டும் அந்தப் பொறுக்கலை ஒரு நெறிமுறையில் ஓரிடத்தில் பொருத்துபவை. (ஃபில்டர் லிஸ்ட் என்ற பெயரே இரண்டு வேறு பொருள்களுக்கு உண்டு. பி.ஜி.பி.யில் அது ஏ.எஸ். பாத் பட்டியலைப் பொருத்தும், ஓ.எஸ்.பி.எஃபில் பிரிஃபிக்ஸ் லிஸ்டைப் பொருத்தும்.) ரூட் மேப் இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு தீர்ப்பளிக்கிறது. எந்த வழியை விடுவது, எதைத் தடுப்பது, விடும்போது எந்தப் பண்பை மாற்றுவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

இந்தப் பிரிவினை மனதில் பதியாவிட்டால் ரூட் மேப்பின் ஒரு நடத்தை புதிராகவே இருக்கும். ரூட் மேப்பின் முதல் பகுதி ‘பெர்மிட் 10’, அது அழைக்கும் பிரிஃபிக்ஸ் லிஸ்டில் ஒரு நெட்வொர்க்குக்கு ‘டினை’ இருக்கிறது என்று கொள்வோம். அந்த வழி தடுக்கப்படும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பட்டியலின் ‘டினை’ சொல்வது ‘இது பொருந்தவில்லை’ என்பதை மட்டுமே. வழி அடுத்த பகுதிக்குப் போகிறது. அங்கே நிபந்தனையே இல்லாத ஒரு ‘பெர்மிட் 20’ இருந்தால் சிரமமில்லாமல் கடந்துவிடும். தடுக்கும் அதிகாரம் ரூட் மேப்பின் பகுதிக்குத்தான் உண்டு, பட்டியலுக்கு இல்லை.

இந்த அமைப்பின் சிக்கனத்தைப் புகழ்வோரும் உண்டு, இதை அரைகுறை நிரலாக்க மொழி என்போரும் உண்டு. ஜூனிப்பர் தன் ‘பாலிசி ஸ்டேட்மென்ட்’டில் நிபந்தனையையும் செயலையும் ‘ஃப்ரம்’, ‘தென்’ என்று வெளிப்படையாகப் பிரித்தது. சிஸ்கோவே தன் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். இயங்குதளத்தில் ரூட் மேப்பை விட்டுவிட்டு, ‘இஃப், எல்ஸ்’ கொண்டு எழுதும் ஆர்.பி.எல். என்ற கொள்கை மொழிக்கு மாறியது. கருவியைச் செய்தவர்களே பெரிய வலைகளுக்கு வேறு வடிவத்தைத் தேர்ந்தது பழைய வடிவத்தின் மீதான மறைமுக விமர்சனம் என்று கொள்ளலாம். ஆயினும் பெரும்பாலான மாணவர்கள் முதலில் கற்பது அந்தப் பழைய வடிவத்தைத்தான்.

நெறிமுறையின் இயல்பு விதிக்கும் எல்லை

எந்தக் கருவி என்பதற்கு முன்னால் எந்த இடம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ரிப், ஈ.ஐ.ஜி.ஆர்.பி. போன்றவற்றில் ஒரு ரௌட்டர் தான் தேர்ந்த முடிவைத்தான் அடுத்ததற்குச் சொல்கிறது. எனவே எந்த இடைமுகத்திலும் எந்தத் திசையிலும் வடிகட்டலாம். அங்கே தடுத்த வழி அதற்கப்பால் போகாது.

ஓ.எஸ்.பி.எஃப். அப்படி இயங்குவதில்லை. ஒரே ஏரியாவில் உள்ள எல்லா ரௌட்டர்களும் ஒரே இணைப்பு நிலைத் தரவுத்தளத்தை வைத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தானே கணக்குப் போடுகிறது. அங்கே ‘டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் இன்’ எழுதினால் அந்த ரௌட்டரின் ரௌட்டிங் டேபிளில் மட்டும் வழி மறையும். தரவுத்தளத்தில் அது அப்படியே இருக்கும், பக்கத்து ரௌட்டர்களுக்கும் போய்ச்சேரும். பக்கத்து ரௌட்டர் அந்த வழிக்கான பாக்கெட்டை இதனிடமே அனுப்பினால், அனுப்ப இடம் தெரியாமல் இது கீழே போட்டுவிடும். அதனால் ஓ.எஸ்.பி.எஃபில் முறையான வடிகட்டல் எல்லைகளில்தான் நடக்கிறது. ஏரியா எல்லையில் மூன்றாம் வகை விளம்பரங்களைத் தடுப்பதும், வெளி நெறிமுறை உள்ளே வரும் ரௌட்டரில் மறுபகிர்வின்போதே தடுப்பதும் அந்த வகை.

மறுபகிர்வுதான் இந்தப் பாடத்தின் கடினமான மூலை. இரண்டு ரௌட்டர்கள் ஓ.எஸ்.பி.எஃபுக்கும் ஈ.ஐ.ஜி.ஆர்.பி.க்கும் நடுவில் இருந்து இரு திசையிலும் வழிகளைப் பகிர்கின்றன என்று கொள்வோம். ஈ.ஐ.ஜி.ஆர்.பி.யின் வெளி வழிக்கு நிர்வாகத் தூரம் 170, ஓ.எஸ்.பி.எஃபுக்கு 110. முதல் ரௌட்டர் ஒரு வெளி வழியை ஓ.எஸ்.பி.எஃபுக்குள் விடுகிறது. இரண்டாவது ரௌட்டருக்கு அதே வழி இரு பக்கமும் கிடைக்கிறது. 110 சிறியது என்பதால் ஓ.எஸ்.பி.எஃப். பக்கத்தை நம்பி, அதை மீண்டும் ஈ.ஐ.ஜி.ஆர்.பி.க்கே திருப்பி விடுகிறது. வட்டம் பிறந்துவிட்டது.

இதற்கு இரண்டு தீர்வுகள் போட்டியிடுகின்றன. முதலாவது, இந்தப் பக்கத்தைச் சேர்ந்த நெட்வொர்க்குகளை ஒரு பிரிஃபிக்ஸ் லிஸ்டில் எழுதி அவை திரும்பி வருவதைத் தடுப்பது. படிக்க எளிது, ஆனால் புது நெட்வொர்க் சேரும் ஒவ்வொரு முறையும் யாராவது நினைவாகப் பட்டியலைத் திருத்த வேண்டும். இரண்டாவது, மறுபகிர்வின்போதே ரூட் மேப்பால் ஒரு டேக் எண்ணை ஒட்டி, அந்த எண்ணோடு திரும்பி வரும் வழியை மறுப்பது. இதற்கு நெட்வொர்க்குகளின் பெயர்ப்பட்டியல் தேவையில்லை. டேக்கைச் சுமக்கத் தெரியாத ரிப் முதல் பதிப்பு போன்ற நெறிமுறை நடுவில் இருந்தால் மட்டும் இது பயன்படாது. பிரிஃபிக்ஸ் லிஸ்ட் வழி எது என்று கேட்கிறது, டேக் அது எந்தப் பக்கத்தில் நுழைந்தது என்று கேட்கிறது. மூன்று ரௌட்டர் கொண்ட பயிற்சிக் கூடத்தில் இந்த வேறுபாடு சிறியது. இணைய அளவில் அப்படியில்லை.

மூன்று தடங்கல்கள், மூன்று விடைகள்

1989-இல் கர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் காகித நாப்கின்களில் வரைந்ததாகச் சொல்லப்படும் பி.ஜி.பி., ஒரு வலையமைப்பு சொல்வதை மற்றொன்று அப்படியே நம்பும் என்ற எண்ணத்தில் எழுந்தது. 1997 ஏப்ரல் 25 அன்று ஏ.எஸ். 7007 என்ற எண் கொண்ட ஓர் அமெரிக்க வலையமைப்பு, இணையத்தின் பெரும்பகுதி வழிகளை /24 துண்டுகளாக்கித் தன்னுடையவை என்று அறிவித்தது. நீளமான பிரிஃபிக்ஸுக்கே முன்னுரிமை என்பதால் போக்குவரத்து அங்கே குவிந்து இணையம் தடுமாறியது.

வாடிக்கையாளர் எந்தெந்தப் பிரிஃபிக்ஸை அறிவிக்கலாம் என்று மேல்நிலை நிறுவனம் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பதே இத்தகைய நிகழ்வுகளுக்கான முதல் விடை. அந்தப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது? மெரிட் நிறுவனத்தின் ஆர்.ஏ.டி.பி. போன்ற வழிப்பதிவேடுகளும், 1999-இல் ஆர்.எஃப்.சி 2622 ஆக வந்த ஆர்.பி.எஸ்.எல். என்ற விவரிப்பு மொழியும் அதற்காகவே. பதிவேட்டிலிருந்து தானாகவே பிரிஃபிக்ஸ் லிஸ்ட் உண்டாக்கும் நிரல்கள் இன்றும் பரவலாக ஓடுகின்றன. ஆனால் பழைய பதிவுகளை நீக்க யாருக்கும் அவசரமில்லை. பதிவு செய்கிறவர் அந்த முகவரிக்கு உரியவர்தானா என்பதை எல்லாப் பதிவேடுகளும் ஒரே கறாரோடு சோதிப்பதுமில்லை.

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், அரசின் தடை ஆணைக்காக உள்நாட்டில் யூடியூபை முடக்க முனைந்தது. அதற்காகப் போட்ட 208.65.153.0/24 என்ற வழி வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22. ஹாங்காங்கைச் சேர்ந்த மேல்நிலை நிறுவனம் வடிகட்டாமல் உலகுக்குச் சொல்ல, சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் பல நாடுகளில் கிடைக்கவில்லை. முகவரிக்கு உரியவர் கையொப்பமிட்டு ‘இந்தப் பிரிஃபிக்ஸை இந்த ஏ.எஸ். எண்தான் அறிவிக்கலாம்’ என்று சான்று தரும் ஆர்.பி.கே.ஐ., 2012-இல் ஆர்.எஃப்.சி 6480 வாயிலாக வடிவம் பெற்றது. அந்தச் சான்றோடு ஒப்பிட்டு வழியைச் சோதிக்கும் முறையை 2013-இன் ஆர்.எஃப்.சி 6811 வரையறுத்தது. 2024 மே மாதத்தில் ஐ.பி.வி4 வழிகளில் பாதிக்கு மேல் இத்தகைய சான்று பெற்றிருந்தன. பாகிஸ்தான் வகைப் பிழையை இது பிடிக்கும்.

மூன்றாவது தடங்கல் வேறு இனம். 2019 ஜூன் 24 அன்று பென்சில்வேனியாவில் ஒரு சிறு இணைய நிறுவனம் தன் உள்பயன்பாட்டுக்குப் பெரிய வழிகளைத் துண்டாக்கி வைத்திருந்தது. அவை அதன் வாடிக்கையாளரான ஓர் எஃகு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அதன் இன்னொரு மேல்நிலை நிறுவனமான வெரைசனுக்குக் கசிந்தன. வெரைசன் ஏற்று உலகுக்குச் சொன்னது. கிளவுட்ஃபிளேர் உள்ளிட்ட பல சேவைகள் முடங்கின. இரண்டு இணைப்பு வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒன்றிலிருந்து வந்ததை மற்றொன்றுக்குச் சொல்லக்கூடாது என்பது தேர்வுப் பாடங்களில் தவறாமல் வரும் பயிற்சி. தன்னிடம் பிறந்த வழிகளை மட்டும் வெளியே விட, ஏ.எஸ். பாத் வெறுமையாக இருப்பதைப் பிடிக்கும் இரண்டே குறிகள் கொண்ட சூத்திரத்தை எழுதினால் போதும். வாடிக்கையாளர் அதை எழுதவில்லை, எழுதாதவரை எதிர்பார்த்து வெரைசனும் தடுப்பு வைக்கவில்லை. ஏற்கும் வழிகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தால்கூடக் கசிவு அங்கேயே நின்றிருக்கும்.

அன்று ஆர்.பி.கே.ஐ. சோதனை இருந்திருந்தால் சில துண்டுகள் பிடிபட்டிருக்கும், ஏனெனில் கிளவுட்ஃபிளேர் தன் சான்றில் பிரிஃபிக்ஸின் உச்ச நீளத்தை வரையறுத்திருந்தது. வழிகள் துண்டாகாமல் அப்படியே கசிந்திருந்தால் சான்றில் குறை எதுவும் தெரிந்திருக்காது. பிறப்பிடம் சரி, பிரிஃபிக்ஸ் சரி, வந்த பாதைதான் தவறு. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவில் வோடஃபோன் ஐடியாவின் வலையமைப்பு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிறருடைய பிரிஃபிக்ஸுகளைத் தன்னுடையவை என்று அறிவித்ததும், பழைய வகைப் பிழைகள் மறைந்துவிடவில்லை என்று காட்டியது.

பாதைத் தவறுக்கு 2022 மே மாதம் ஆர்.எஃப்.சி 9234 ஒரு விடை தந்தது. இணையும் இருவரும் தாங்கள் வழங்குநரா, வாடிக்கையாளரா, சமமானவரா என்று ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ள வேண்டும். வழங்குநரிடமிருந்தோ சமமானவரிடமிருந்தோ வரும் வழியில் ‘வாடிக்கையாளருக்கு மட்டும்’ என்ற பொருள் கொண்ட ஓ.டி.சி. என்ற குறி ஒட்டப்படும். அது இருந்தால் மேலேயோ பக்கவாட்டிலோ சொல்லக்கூடாது. பயிற்சிக் கூடத்தில் மறுபகிர்வுக்கு ஒட்டிய டேக்கின் உறவுதான் இது.

மௌனத்தின் பொருள்

பட்டியல் எழுதினால் அதன் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘டினை’ உண்டு என்று மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். பட்டியலே எழுதாவிட்டால்? சிஸ்கோவின் பழைய ஐ.ஓ.எஸ்.இல் பி.ஜி.பி. அண்டை சொல்வதெல்லாம் ஏற்கப்படும். ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆரில் வெளி பி.ஜி.பி. அண்டைக்குக் கொள்கை எழுதாவிட்டால் ஒரு வழியும் வராது, போகாது. 2017 ஜூலையில் ஆர்.எஃப்.சி 8212 இந்த இரண்டாவது நிலையைப் பொது விதியாக்கியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வலைகள் மென்பொருளைப் புதுப்பித்த இரவில் திடீரென மௌனமாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். இருந்தாலும் எடை விதியின் பக்கமே சாய்கிறது. கொள்கை எழுத மறந்தவரின் வலை மௌனமானால் அவருக்குத்தான் நட்டம், அது எல்லாவற்றையும் ஏற்றால் நட்டம் பிறருக்கு. முழுப் பட்டியல்களும் கையில் இருந்தும் இயல்புநிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அறியாத பொறியாளர் ஆபத்தானவர், பாடநூல்களோ இதற்கு ஒரு பத்திதான் ஒதுக்குகின்றன.

தேர்வு சோதிப்பதும் களம் கேட்பதும்

2020 பிப்ரவரி 24 முதல் நடைமுறைக்கு வந்த 300-410 ஈ.என்.ஏ.ஆர்.எஸ்.ஐ. தேர்வு, ரூட் மேப், டேக், மறுபகிர்வு ஆகியவற்றைப் பிழை கண்டறியும் கோணத்தில் கேட்கிறது. அமைக்கச் சொல்வதைவிட உடைந்ததைப் படிக்கச் சொல்வது மேல் என்பதை ஆய்வுகளும் ஒருவாறு ஆதரிக்கின்றன. 2002-இல் ரதுல் மகாஜன், டேவிட் வெதரால், தாமஸ் ஆண்டர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, நாள்தோறும் 200 முதல் 1,200 பிரிஃபிக்ஸ்கள் வரை உள்ளமைவுப் பிழைக்கு ஆளாவதாகவும், புதிதாகத் தோன்றும் அறிவிப்புகளில் நான்கில் மூன்று பங்கு பிழையால் வந்தவை என்றும் கண்டது. பயனரின் இணைப்பு இவற்றால் பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அதன் காரணப் பட்டியலில் சிந்திக்க வைப்பது ஒன்று: மேலே இருப்பவர் வடிகட்டுவார் என்று நம்பிச் சும்மா இருந்தது.

2005-இல் நிக் ஃபீம்ஸ்டரும் ஹரி பாலகிருஷ்ணனும் உருவாக்கிய ஆர்.சி.சி. என்ற நிரல், 17 வலையமைப்புகளின் உள்ளமைவை ஓடவிடாமலே படித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகளைக் காட்டியது. 2015-இல் வெளியான பேட்ஃபிஷ் அதைப் பல படி முன்னே கொண்டுசென்றது. இவற்றைக் காட்டி, கையால் ரூட் மேப் எழுதப் பழக்குவது வீண் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். நிரல் எழுதட்டும், நிரலே சரிபார்க்கட்டும் என்பது அவர்கள் நிலை. சரிபார்ப்பு நிரலுக்கு எது சரி என்று யாரோ சொல்லியாக வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் பதில். பிரிஃபிக்ஸ் லிஸ்டின் இலக்கணத்தை நிரலிடம் விடலாம். ஓ.எஸ்.பி.எஃபில் ஏன் ஏரியாவின் நடுவில் வடிகட்டக்கூடாது, டேக்கை எந்த எல்லையில் ஒட்டுவது என்பவற்றை நிரலிடம் கேட்க முதலில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவில் எதிர்த்தரப்பின் வாதம் வலுவாகவே இருக்கிறது.

எஞ்சி நிற்பவை

பிறப்பிடச் சோதனை ஓரளவு நிலைபெற்றுவிட்டது. பாதைச் சோதனை அப்படியில்லை. பாதையின் ஒவ்வொரு அடியிலும் கையொப்பம் கேட்கும் பி.ஜி.பி. செக் 2017-இல் ஆர்.எஃப்.சி 8205 ஆக வெளிவந்தும், கணக்குச் சுமையாலும் எல்லாரும் சேர்ந்தால்தான் பலன் என்ற நிலையாலும் நடைமுறையில் வேரூன்றவில்லை. தன் வழங்குநர்கள் யார் என்று ஒவ்வொருவரும் கையொப்பமிட்டு அறிவிக்கும் ஏ.எஸ்.பி.ஏ. அதைவிட எளியது, சிலர் மட்டும் ஏற்றாலும் சிலருக்குப் பலன் தரக்கூடியது. ஆனால் ஐ.இ.டி.எஃப். பணிக்குழுவில் அது நெடுங்காலம் வரைவாகவே இருந்து வருகிறது. வழங்குநர் யார், சமமானவர் யார் என்பது வணிக இரகசியம் என்று கருதும் நிறுவனங்கள் அதைக் கையொப்பமிட்டு வெளியிட எந்த அளவுக்கு முன்வரும் என்பதும் தெளிவாகவில்லை. ஒரே இணை நிறுவனம் ஒரு நகரில் வழங்குநராகவும் இன்னொரு நகரில் சமமானவராகவும் இருக்கும் சிக்கலான உறவுகளை ஓ.டி.சி. குறி எவ்வாறு சமாளிக்கும் என்பதை ஆர்.எஃப்.சி 9234 முழுமையாகத் தீர்க்கவில்லை. அத்தகைய இடங்களில் பொறியாளர் இன்றும் பிரிஃபிக்ஸ் வாரியாக ரூட் மேப் எழுதித்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.